ரெண்டு மாசம் வந்துபோகும் பறவைக்காக ஒரு சேற்றுவெளியை விட்டுவைக்க வேண்டுமா?

கேட்டவர் வேதாரண்யத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊர்க்காரர். ஊருக்குப் பின்னால் உள்ள சேற்றுவெளியில் ஆவணி, புரட்டாசியில் சின்னச் சின்னப் பறவைகள் கூட்டமாக இறங்குகின்றன. பங்குனி, சித்திரையில் மறுபடி சில வாரம். மற்ற நாளெல்லாம் அது காலியாகக் கிடக்கிறது. இப்போது அதை இறால் குட்டைக்கு விடலாம் என்று ஊரில் பேச்சு. “ரெண்டு மாசம் வந்துபோகிற பறவைக்காக வருஷம் பூராவும் ஒரு இடத்தைச் சும்மா விடணுமா? அதுங்க பக்கத்துச் சேற்றுக்குப் போய்க்கொள்ளாதா? காப்பாற்றணும் என்றால்தான் என்ன செய்வது?” என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். நடுக் கேள்விதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் முதல் கேள்விக்கு அவரே பதில் சொல்லிக்கொள்வார். மூன்றாவதற்கு என்னால் பாதி பதில்தான் சொல்ல முடியும். நான் பல வருடம் கோடியக்கரைப் பக்கம் பறவைகளின் காலில் அடையாள வளையம் போடும் வேலையிலும், பிறகு கடற்கரை நெடுகக் கணக்கெடுப்பிலும் இருந்தவன். சட்டம் படித்தவன் இல்லை, இறால் வியாபாரமும் தெரியாது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கையில் பிடித்துப் பார்த்த ஒரு பறவையிலிருந்து தொடங்குகிறேன். கொசு உள்ளான். பேருக்கு ஏற்ற அளவுதான், சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் கனம் குறைவு. ஆவணிக் கடைசியில் இருட்டு ராத்திரியில் வலையில் விழும். துணிப்பையில் போட்டுத் தராசில் தொங்கவிட்டால் இருபது கிராமைச் சுற்றி நிற்கும். பையிலிருந்து எடுத்து மல்லாக்கப் பிடித்து நெஞ்சில் மெதுவாக ஊதினால் இறகு விலகும். கழுத்துக்குக் கீழே, காறை எலும்புகள் சேரும் இடத்தில் ஒரு சின்னக் குழி இருக்கும். தோல் மெல்லியது, உள்ளே இருப்பது அப்படியே தெரியும். புதிதாக வந்திறங்கிய பறவைக்கு அந்தக் குழி பள்ளமாக, செக்கச்செவேல் என்று வெறும் சதையாக இருக்கும். நெஞ்செலும்பின் விளிம்பு விரலில் கத்தி முனைபோலக் குத்தும். அதே இனத்தைச் சித்திரையில் பிடித்து ஊதிப் பாருங்கள். குழி இருந்த இடத்தில் மஞ்சளாக, உறைந்த நெய்போல, கொழுப்பு மேடு தட்டி நிற்கும். தராசு முப்பதைத் தொடும். சைபீரியாவின் வடகோடியில் மரம் வளராத துந்திர வெளிக்குப் போகிற வழிக்கு அந்தப் பத்து கிராம்தான் கட்டுச்சோறு. அது உங்கள் ஊர் சேற்றிலிருந்து வந்தது.

உங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு சுலபமான வழி உண்டு. ஆவணியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்திக்கொண்டு நடந்து போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அங்கங்கே பந்தல் போட்டு மோர், கஞ்சி, படுக்கப் பாய் எல்லாம் வைத்திருப்பார்கள். திருவிழா முடிந்தால் அந்த இடம் வெறும் புறம்போக்கு. “வருஷத்தில் பத்து நாள்தானே, பந்தல் எதற்கு?” என்று யாரும் கேட்பதில்லை. நடக்கிறவர் அந்தப் பத்து நாளில்தான் நடக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். வேடிக்கை என்னவென்றால், உள்ளான்கள் வந்து இறங்குவதும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான். ஒரு வித்தியாசம் உண்டு. நடந்து போகிறவருக்கு ஒரு பந்தல் இல்லாவிட்டால் வழியில் டீக்கடை இருக்கும்.

சரி, பக்கத்துச் சேற்றுக்குப் போய்க்கொள்ளாதா? கொள்ளாது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட மாட்டேன். சில பறவைகள் போய்க்கொள்ளும். பூநாரைக்கு இடம் மாறுவது பெரிய விஷயமில்லை, ஒரே ராத்திரியில் நூறு இருநூறு கிலோமீட்டர் தாண்டி வேறு நீர்நிலையில் நிற்கும். உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கான் போன்ற கரைப்பறவைகளின் கதை வேறு. தொலைதூரம் பறப்பவற்றில் சில, கிளம்பும் முன் தம் குடலையும் இரைப்பையையுமே சுருக்கிக்கொள்கின்றன. பறக்கும்போது தேவையில்லாத பாரம் என்று உடம்பே தீர்மானித்துவிடுகிறது. 2022இல் அலாஸ்காவிலிருந்து ஒரு பட்டைவால் மூக்கான் குஞ்சு, பிறந்து ஐந்து மாதம்கூட ஆகாதது, எங்கும் இறங்காமல் 11 நாளில் சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்து டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தது. அதன் உடலில் பொருத்திய கருவியே இதைக் காட்டியது. அப்படி வந்திறங்கும் பறவை முதல் சில நாள் குடலை மறுபடி வளர்த்துக்கொண்டுதான் வயிறாரத் தின்ன முடியும். “இங்கே இல்லை, அடுத்த ஊர் போ” என்று சொன்னால் கேட்கும் நிலையில் அது இருக்காது.

இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்த இடம் ஒன்று உண்டு, தென்கொரியாவின் சேமங்கும். அங்கே 33 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை மறித்துச் சுவர் கட்டி, 2006 ஏப்ரலில் கடைசி இடைவெளியையும் அடைத்தார்கள். உள்ளே அகப்பட்ட சேற்றுவெளி, ஆஸ்திரேலியாவுக்கும் வடதுருவப் பகுதிக்கும் இடையே பறக்கும் பறவைகள் இறங்கித் தின்னும் இடம். நீங்கள் கேட்ட அதே கேள்வியை அங்கேயும் கேட்டார்கள். பக்கத்திலேயே வேறு கழிமுகம் இருக்கிறதே, அங்கே போகாதா என்று. 2006 முதல் 2008 வரை பறவை ஆர்வலர்கள் அந்தக் கழிமுகம் உட்பட எல்லாவற்றையும் எண்ணினார்கள். ‘கிரேட் நாட்’ என்ற உள்ளான் சேமங்குமில் ஏறக்குறைய தொண்ணூறாயிரம் குறைந்தது. பக்கத்து இடங்களில் அந்த எண்ணிக்கை கூடவில்லை. ஆஸ்திரேலியக் கரையிலும் அது குறைந்துபோனது தெரிந்தது. போகவில்லை, செத்துப்போயின என்பதுதான் அதற்கு நேரான விளக்கம். அதன்பின் வடமேற்கு ஆஸ்திரேலியாவில் வண்ண வளையம் போட்ட பறவைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, அவை குளிர்காலம் கழிக்கும் கரையில் நன்றாகவே பிழைக்கின்றன, சேமங்கும் இருக்கும் மஞ்சள்கடல் வழியாகப் போய்வரும் மாதங்களில்தான் சாவு கூடுகிறது என்று தெரிந்தது. வீடு நன்றாக இருந்தாலும் வழியில் சாகலாம். இவ்வளவும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

உறுதியாகத் தெரிந்த இன்னொன்று, வளர்ந்த பறவை போன வருடம் தின்ற அதே இடத்துக்கே திரும்பி வரும் என்பது. போட்ட வளையத்தோடு அதே பறவை, அதே சேற்றில், ஏறக்குறைய அதே வாரத்தில் வலையில் விழுவதைப் பார்த்தால் முதல் தடவை உடம்பு சிலிர்க்கும். பத்தாவது தடவை, ‘ஓ, வந்துட்டியா’ என்று இருக்கும். குஞ்சுகள் தாய் தந்தை துணையில்லாமல், பெரியவை வந்து சில வாரம் கழித்துத் தனியாக வந்து சேரும். முதல் பயணத்தில் எங்கே நல்ல சேறு கிடைத்ததோ அதைப் பிடித்துக்கொள்ளும். ஆக உங்கள் ஊர் சேறு போனால், அங்கே பழகிய தலைமுறைக்குத்தான் அடி விழும்.

இனி சந்தேகமான பக்கம். கோடியக்கரைச் சதுப்பில் 1980களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் வளையம் போட்ட காலத்தில் இருந்த கூட்டம் இப்போது இல்லை. அந்தப் பக்கம் வேலை செய்த எவரும் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் ஏன் குறைந்தது என்பதில் ஆளுக்கொரு காரணம் சொல்வோம். காவிரியிலிருந்து சதுப்புக்குள் வரும் நன்னீர் குறைந்தது ஒரு காரணம். தொழிற்சாலை அளவிலான உப்பளங்கள் தண்ணீரின் போக்கையும் உப்பின் அளவையும் மாற்றியது இன்னொன்று. கரையோரச் சீமைக்கருவேலமும் கஜா புயல் வாரிப்போட்ட சேறும் உண்டு. அப்புறம் பறவைகள் கூடு கட்டும் வடகோடியில் நடக்கும் மாற்றங்கள், நாம் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாதவை. இவற்றில் எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை. எண்ணிக்கை குறைந்தது என்றால் பறவை செத்தது என்று மட்டும் அர்த்தமில்லை. இங்கே இறங்காமல் மன்னாருக்கோ யாழ்ப்பாணக் கழிக்கோ நேரே போயிருக்கலாம். கோடியக்கரைக்கும் இலங்கைக்கும் நடுவே ஐம்பது அறுபது கிலோமீட்டர் கடல்தான். ஆறுமணிக்குருவிகூட கோடியக்கரைக் காட்டில் இறங்கி மூச்சு வாங்கிவிட்டு அந்தக் கடலைத் தாண்டுகிறது. மன்னாரில் கருவி பொருத்திய ஹியூக்ளின் கடற்காகங்கள் இந்தியாவின் மேலாகப் பறந்து ரஷ்யாவின் வடகோடிக்குப் போய்த் திரும்பியிருக்கின்றன. இரண்டு கரையையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு கரையின் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தப்பாகிவிடும்.

எந்தச் சேறு நல்ல சேறு? கடற்கரை என்று பெயர் இருந்தால் போதாது. எல்லாமே தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது. கொசு உள்ளானுக்குக் கால் குட்டை, அலகும் குட்டை. ஈரம் மின்னும் சேற்றில், மிஞ்சிப்போனால் இரண்டு மூன்று விரற்கடைத் தண்ணீரில்தான் மேலாகக் கொத்தித் தின்னும். பவளக்காலிக்கு இன்னும் கொஞ்சம் ஆழம் பரவாயில்லை. மூக்கான் அலகு முழுவதையும் சேற்றில் இறக்கிப் புழுவை இழுக்கும். குதிரைமலைக்கோட்டான் வளைந்த அலகால் நண்டு வளையைத் துழாவும். பூநாரை முழங்கால் தண்ணீரில் நிற்கும். நம் பக்கத்தில் ஓதம் பெரிதாக ஏறி இறங்காது. தண்ணீரைச் சேற்றின் மேல் ஏற்றுவதும் இறக்குவதும் பெரும்பாலும் காற்றுதான். ஐப்பசி மழை வந்து நாலு விரற்கடை தண்ணீர் கூடிவிட்டால், அந்த நிமிடமே கொசு உள்ளானுக்கு அந்த இடம் இல்லை. உங்கள் ஊரில் அவை இரண்டு மாதம் மட்டும் இருப்பதற்கு இதுதான் காரணமாக இருக்கலாம். மழைக்குப் பின் தண்ணீர் நிற்கும்போது கிளம்பிவிடும், மாசியில் வற்றத் தொடங்கிச் சேறு வெளியே தெரிந்ததும் போகிற வழியில் மறுபடி இறங்கும். காலியாகக் கிடக்கிறது என்று சொன்னீர்களே, அந்த மாதங்களில் சேற்றுக்குள் புழுவும் நத்தையும் பூச்சியின் இளம்புழுவும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. சமையலறை காலியாகத்தான் தெரியும், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்.

உப்பளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘உப்பளம் பறவைக்கு எதிரி’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள், அது சரியில்லை. கடல்நீரை முதலில் விடும் பெரிய தேக்கங்களில் உப்பு கடலளவுக்குக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும், அங்கே மீனும் புழுவும் உண்டு, பறவை நிறைய நிற்கும். அடுத்தடுத்த பாத்திகளுக்குப் போகப் போக உப்பு ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் உப்பு இறாலும் உப்பு ஈயும் மட்டும்தான் வாழும், அவற்றைத் தின்னும் பறவைக்கு அதுவும் விருந்துதான். உப்பு படியும் கடைசிப் பாத்தியில் ஒன்றும் இருக்காது. உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரைச் சதுப்பில் விட்டால் சேறு செத்துவிடும். வேதாரண்யத்தில் 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய காலத்துச் சின்ன அளமும் இன்றைய ஆயிரக்கணக்கான ஏக்கர் உப்பளமும் ஒன்றில்லை. சின்ன அளங்களில் வரப்பு, மேடு பள்ளம், வெவ்வேறு உப்பு அளவு எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் ஏறும் நேரத்தில் அந்த வரப்புகளில்தான் உள்ளான்கள் ஒற்றைக்காலில் நின்று தூங்கும். இறால் குட்டை இந்த விஷயத்தில் மோசம். ஆழமாகத் தோண்டுகிறார்கள், கரை செங்குத்து, உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு, மேலே பறவை வராமல் கயிறு. அந்த இடம் பறவைக்குச் சிமெண்டுத் தரைபோல.

நிலத்துக்கு வேலி போட்டு ‘சரணாலயம்’ என்று பலகை வைத்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து கனடாவின் வடகோடிக்குப் போகும் ‘ரெட் நாட்’ உள்ளான்கள் மே மாதத்தில் அங்கே இறங்கும். குதிரைலாட நண்டு கரையில் இடும் முட்டைகளைத் தின்று இரண்டே வாரத்தில் உடல் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். 1990களில் விலாங்குக்கும் சங்குக்கும் தூண்டில் இரையாக அந்த நண்டை அளவில்லாமல் அள்ளினார்கள். கரை அப்படியேதான் இருந்தது, அங்கே யாரும் கட்டடம் கட்டவில்லை, ஆனால் பறவை பட்டினி கிடந்தது. நியூஜெர்சி 2008இல் நண்டு பிடிப்பதை நிறுத்தியது, 2014இல் அந்தப் பறவையை அமெரிக்க அரசு அழியும் ஆபத்திலுள்ள பட்டியலில் சேர்த்தது. பறவை இன்னும் பழைய எண்ணிக்கைக்கு வரவில்லை. இடம் இருந்தது, சாப்பாடுதான் போனது.

இங்கே என் சொந்தத் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சுனாமிக்குப் பிறகு கடற்கரை முழுவதும் மரம் நடும் வேகம் வந்தது. ஒரு தொண்டு அமைப்போடு சேர்ந்து நானும் ஒரு திறந்த சேற்றுவெளியில் அலையாத்திக் கன்று நட்டேன், ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பெருமையோடு. அலையாத்தி நல்ல மரம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாங்கள் நட்ட இடம் மரமே இல்லாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. உள்ளான்கள் மரத்துக்குப் பக்கத்தில் இறங்காது. வல்லூறும் பருந்தும் மறைந்திருந்து பாயும் இடம் அது, நாலு பக்கமும் திறந்து கிடந்தால்தான் தைரியமாகத் தலையைக் குனிந்து தின்னும். முக்கால்வாசிக் கன்று செத்தது. பிழைத்த கால்வாசி வளர்ந்தபோது அந்தப் பக்கம் பறவை இறங்குவது நின்றது. ‘பச்சையாக இருந்தால் நல்லது’ என்பது நம் எல்லோருக்கும் உள்ள நினைப்பு. சேற்றுக்கு அது பொருந்தாது. உங்கள் ஊரில் யாராவது நல்லெண்ணத்தோடு சவுக்கோ அலையாத்தியோ வைக்க வந்தால், எந்த இடத்தில் என்று முதலில் கேளுங்கள்.

சட்டம் பற்றி நான் அறிந்த அளவு. 2002 ஆகஸ்டில் கோடியக்கரை ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 38,500 ஹெக்டேர். கோடியக்கரைக் காடு மட்டுமில்லை, பஞ்சநதிக்குளம், தலைஞாயிறு, முத்துப்பேட்டை அலையாத்தி எல்லாம் அதற்குள் வருகின்றன. உங்கள் ஊர் சேறும் அதன் எல்லைக்குள் இருக்க வாய்ப்பு நிறைய. ஆனால் ராம்சார் என்பது ஈரநிலங்களுக்கான உலக ஒப்பந்தம் தரும் அங்கீகாரம், தடுப்பது உள்நாட்டுச் சட்டம்தான். 2017 ஈரநில விதிகளில் ஒரு பொத்தல் உண்டு. உப்பு எடுக்கவும் இறால் வளர்க்கவும் மனிதர் அமைத்த நீர்நிலைகள் ‘ஈரநிலம்’ என்ற வரையறைக்குள்ளேயே வராது. ஒருமுறை குட்டை வெட்டிவிட்டால் அப்புறம் அந்தக் கதவு மூடிவிடும், அதனால் வெட்டுமுன் பேசுங்கள். 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மிகக் கண்டிப்பான முதல் வகையில் உயிர்ப்புள்ள சேற்றுத்திட்டும் உப்புச் சதுப்பும் வருகின்றன. அதே பட்டியலில் பறவை ‘கூடு கட்டும் இடம்’ என்று இருக்கிறது. இந்தப் பறவைகள் இங்கே கூடு கட்டுவதில்லை, அதனால் ‘பறவை வரும் இடம்’ என்று வாதாடினால் ‘கூடு எங்கே?’ என்று கேட்டு உட்கார வைத்துவிடுவார்கள். ‘இது உயிர்ப்புள்ள சேற்றுத்திட்டு’ என்று வாதாடுங்கள். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலைப் பாருங்கள். பெரும்பாலும் ‘தரிசு’ என்றோ ‘புறம்போக்கு’ என்றோ எழுதியிருக்கும். சேற்றைக் கொல்வதில் பாதி வேலையை அந்த ஒரு சொல் முடித்துவிடுகிறது. பிறகு மாவட்டக் கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் உங்கள் சர்வே எண் எந்த வகையில் நிறம் தீட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இறால் பண்ணைக்குக் கடல்சார் நீருயிர் வளர்ப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும், 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி. இந்தச் சண்டையே உங்கள் மண்ணில் தொடங்கியதுதான். காந்தியர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகுதான் இறால் பண்ணைகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. இதற்கு மேல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், என் பேச்சை வைத்து மனு எழுத வேண்டாம்.

எண்ணிக்கை விஷயத்தில் என் பேச்சை நம்பலாம். ஊரில் எவரும் ‘இங்கே பறவை வரும்’ என்று வாய்மொழியாகச் சொன்னால் அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். தேதி போட்ட எண்ணிக்கை வேண்டும். ஆனால் நம் நாட்டில் பெரும்பாலான நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடக்கிறது. ஜனவரி என்பது தங்கிவிட்ட பறவைகளின் மாதம், வழியில் இறங்குகிறவை அப்போது இருக்காது. உங்கள் சேற்றில் ஜனவரியில் ஐம்பது பறவைதான் இருந்தது என்று ஒரு தாள் வந்தால், அதை வைத்தே ‘முக்கியமில்லாத இடம்’ என்று முடித்துவிடுவார்கள். அதனால் ஆவணியிலிருந்து ஐப்பசி வரை, பிறகு பங்குனியிலிருந்து சித்திரை முடியும்வரை, வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று எண்ணுங்கள். இன்னொரு கணக்கும் தவறிப்போகும். ஒரு வாரம் இரண்டாயிரம், அடுத்த வாரம் இரண்டாயிரம் என்றால் அதே இரண்டாயிரம் பறவை என்று நினைக்காதீர்கள். பழையது போய்ப் புதியது வந்திருக்கலாம், அந்தப் பருவத்தில் ஆறாயிரமோ எட்டாயிரமோ உங்கள் ஊரைக் கடந்திருக்கலாம். ராம்சார் விதியில் ஒரு இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதம் ஓர் இடத்துக்கு வழக்கமாக வந்தாலே அது உலக முக்கியத்துவம் உள்ள இடம். கிழக்காசிய–ஆஸ்திரலேசியப் பறவை வழித்தடத்தில், வழியில் இறங்கித் தங்கும் இடங்களுக்கு, பழையது போய்ப் புதியது வரும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக் கால் சதவீதம் போதும் என்று வைத்திருக்கிறார்கள். நம் மத்திய ஆசிய வழித்தடத்திலும் அப்படி ஓர் அளவு வேண்டும் என்பது என் கட்சி.

பறவை இருக்கும் நாட்களில் அதைச் சும்மா விடுவதும் பாதுகாப்புதான், ஒரு பைசா செலவில்லை. ஒரு தெருநாய் சேற்றில் ஓடினால் கூட்டம் முழுக்க எழும். எழும் ஒவ்வொரு தடவையும் அது சேர்த்த கொழுப்பிலிருந்து கொஞ்சம் செலவு. ட்ரோன் வைத்துப் படம் எடுக்க வரும் நண்பர்கள் நாயைவிட மோசம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனாலும் சொல்கிறேன். கண்ணி வைத்துப் பிடிக்கும் பழக்கம் உங்கள் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்பது நமக்குள் தெரிந்த விஷயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். இறங்கிய முதல் வாரத்தில் பிடிபடும் உள்ளானில் கறியே கிடையாது, எலும்பும் இறகும்தான். அதைத் தின்கிறவரிடம் இதைச் சொன்னால் சட்டத்தைவிட வேகமாகப் புரிகிறது என்பது என் அனுபவம்.

இந்தச் சேறு பறவைக்கு மட்டும் வேண்டியதில்லை என்பதையும் கூட்டத்தில் பேசுங்கள். அங்கே தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் இருப்பார்கள், நண்டு எடுக்கிறவர்கள் இருப்பார்கள். குட்டைக்குக் குத்தகை விட்டால் முதலில் வெளியே போவது அவர்கள்தான், அடுத்த வருடம் பக்கத்து வயல் கிணற்றில் உப்பு ஏறும். அவர்கள் நடமாட்டத்துக்குப் பறவை பழகிக்கொள்கிறது. மெதுவாக, குனிந்தபடி, ஒரே பக்கமாக நகர்கிற மனிதரைக் கண்டு உள்ளான் பறப்பதில்லை, பத்தடி தள்ளி நின்று தானும் தடவிக்கொண்டிருக்கும். கிராம சபையில் பறவைக்காகப் பத்துப் பேர் பேசுவதைவிட அவர்களில் இரண்டு பேர் பேசினால் எடுபடும்.

இது ஆவணி. இன்று சாயங்காலமே போய்ப் பாருங்கள், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். முதலில் வந்தவை பெரியவை, முதுகிலும் நெஞ்சிலும் வடக்கில் பூண்ட செம்பழுப்பு நிறம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். புரட்டாசியில் வருபவை குஞ்சுகள், இறகெல்லாம் புதுசாக, விளிம்பு கட்டியதுபோல இருக்கும். இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். கடைசி வாரத்தில் குஞ்சு எத்தனை என்ற எண் தனியாகவே பயன்படும். எதன் காலிலாவது வண்ணக் கொடி தெரிந்தால் என்ன நிறம், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, எழுத்து இருக்கிறதா என்பதைக் குறித்து எனக்கு எழுதிப் போடுங்கள். எந்த ஊரில் கட்டியது என்று தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.